ஆள் எதிரே பேசாத மொழி

விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது பழனிவேல் வாத்தியாருடைய மகன் போனில் கூப்பிட்டான். "அப்பா போயிட்டாருங்க சார்" என்றான். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று என்னையே கேட்டான். எனக்குத் தோன்றிய பெயர்களைச் சொன்னேன். அதில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று அப்போதே தெரியும். வரவில்லை.

ராசிபுரம் பக்கம் கணக்கு வாத்தியார் பழனிவேல் என்றால் பலருக்குத் தெரியும். அவர் குறவர் வீட்டுப் பிள்ளை என்பதும், அந்த வீட்டில் தமிழல்லாத ஒரு மொழி புழங்கியது என்பதும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கே தெரியாது. ஓய்வு பெற்ற கையோடு எங்கள் கல்லூரியின் மொழியியல் துறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "இத்தன காலமா ஒளிச்சு வெச்சிருந்தோமுங்க. இப்ப எடுக்கலாம்னு போனா, வெச்ச எடத்துல இல்லீங்க" என்றார். அந்த மொழியை ஒழுங்காகப் பேசுகிறவர்களில் மிஞ்சியது அவரும் வெண்ணந்தூரில் இருந்த அவருடைய சின்னம்மாவும்தான்.

ஒலிப்பதிவுக் கருவியோடு சின்னம்மா வீட்டுக்குப் போனோம். அவர் காப்பி கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், என் பிள்ளைகளை விசாரித்தார். எல்லாம் தமிழில். எத்தனை தூண்டியும் அந்த மொழியில் ஒரு வார்த்தை வரவில்லை. குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டு, போலீஸ் காதில் விழாமல் பேசிக்கொள்ள வேண்டியிருந்த தலைமுறை அது. வெளியாள் எதிரே வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கடைசியில் சின்னம்மாவே சிரித்துக்கொண்டு, "சாமி, நீ அப்பிடிக் கடைப்பக்கம் போயிட்டு வா. நீ இருக்கறவரைக்கும் வராது" என்றார். அன்று முதல் பதிவு நடந்த நாள்களிலெல்லாம் நான் டீக்கடையில் இருந்தேன். பிறகு வீட்டில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, பழனிவேலிடம் அர்த்தம் கேட்டு எழுதினேன். எனக்கு முன்னால் அவரும் அதைப் பேசமாட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழில் பொருள் சொல்வார், அவ்வளவுதான்.

அந்த உழைப்பு என்ன ஆயிற்று என்று இதை வாசிக்கும் சிலருக்கு நன்றாகவே தெரியும். துறை வெளியிட்ட அறிக்கையில், வெண்ணந்தூர் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாத ஒருவரின் பெயர் முதலில் வந்தது. பழனிவேலுக்கு 'தகவலாளி' என்று அடிக்குறிப்பில் இடம் கிடைத்தது. நான் கொதித்தேன். அவர், "உடுங்க, பிள்ளைக பேசுனாப் போதும்" என்றார்.

பிள்ளைகளுக்காக ஞாயிறு வகுப்பு தொடங்கினார். தொடங்கிவைக்க வந்த அதிகாரி தமிழின் தொன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். சில வாரங்களில் பிள்ளைகள் குறைந்தார்கள். தேடிப் போனபோது ஒரு தாய் வாசலிலேயே சொன்னாள்: "வேண்டாமுங்க வாத்தியாரே. எம்புள்ள இதப் பள்ளிக்கூடத்துல பேசிப்போட்டா நாம யாருன்னு தெரிஞ்சிருமுங்க. நீங்க வேலைல இருந்தப்பப் பேசுனீங்களா?" அவர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். திரும்பும் வழியில் என்னிடம், "அந்தம்மா சொல்றதுல தப்பே இல்லீங்க. அதுதான் கஷ்டம்" என்றார். வகுப்பு நின்றது. அடுத்த ஆண்டு சின்னம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் பழனிவேலுக்குப் பக்கவாதம் வந்தது. மகன் பதறிப்போய் அழைத்தான். "அப்பாவுக்குத் தமிழே வரலீங்க சார். என்னமோ பேசறாரு, ஊட்ல ஒருத்தருக்கும் புரியல. உங்களுக்குத் தெரியுமாமே?" போனேன். என் எதிரே அந்த மொழியை அவர் பேசி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தண்ணீர் கேட்டார், சொன்னேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், சொன்னேன். மகனுக்கு முகம் தெளிந்தது. பிறகு மகனைப் பார்த்து நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னார். முடித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"என்ன சொல்றாருங்க?"

தெரியவில்லை என்றேன். அத்தனை நாள் ஒலிப்பதிவுகளில் கேட்டதில் அந்த வார்த்தைகள் இல்லை. மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை அறிந்தவர்கள் அவரிடமிருந்து பெற்றதாக எதையாவது சொல்லக்கூடும்: பொறுமை, கணக்கு, நேர்மை. என்னிடம் இருப்பது அந்தப் பேச்சின் ஓசை மட்டும். ஏறி, நின்று, இறங்கி, கேள்வி போல முடிந்த ஓசை. அது என்ன கேள்வி என்று போய்க் கேட்பதற்கு இந்தச் சீமையில் எனக்கு ஒரு வீடு இல்லை.