மலை தெரியாத பக்கம்

இடது பக்கம், இடது பக்கம் என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கோயம்புத்தூரில் அத்தை மகள் கல்யாணம் முடிந்து விமானத்தில் சென்னைக்குத் திரும்பப் போகிறோம் என்று முடிவானதிலிருந்தே எனக்கு வேறு பேச்சில்லை. ஒரகடத்துக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த சித்தப்பா ஏற்கெனவே ஒருமுறை அப்படிப் பறந்தவர். மேலே ஏறியதும் இடது பக்கம் நீலகிரி மலை தெரியும், அப்புறம் அது தணிந்து தணிந்து சமவெளியாகிவிடும், இறங்கும்போது செம்பரம்பாக்கம் ஏரி வரும் என்று அவர்தான் ஆசை காட்டினார். வலது பக்கம் உட்கார்ந்தால் மூஞ்சியில் வெயில்தான் அடிக்குமாம்.

அந்த மலிவு விமானத்தில் சீட்டு நம்பர் கிடையாது. முந்திக்கொண்டவருக்கு இடம். கதவைத் திறந்ததும் அப்பா தோள் துண்டை உருவிக்கொண்டு, காஞ்சிபுரம் பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல் ஓடினார். எல்லாரையும் முந்தினார். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது துண்டு வலது பக்க ஜன்னலோரம் கிடந்தது.

எதிர்ப்பக்கம் அப்போதும் காலிதான். அங்கே போகப் பார்த்த என்னை அப்பா கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஜன்னலையாவது கொடுத்தாரா? அதிலும் அவரே உட்கார்ந்துகொண்டார். இடது பக்கம் வந்து அமர்ந்த பெரியவர் செய்தித்தாளை அகல விரித்தார். என் மலை அதற்குப் பின்னால் போய்விட்டது. அப்பாவோடு பேசுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சென்னை நெருங்கியபோது அப்பா என் தோளை உலுக்கினார்.

"அதோ பாரும்மா, செம்மண்ணா கீதே, நடுவுல வட்டமா. நம்ம கெணறு. இன்னும் மூடல."

எங்கள் ஊர் வடக்குப்பட்டில் நாங்கள் ஒரு கம்பெனிக்கு விற்றிருந்த கழனி அது.

"அது நம்மளுது இல்ல. நீதான் வித்துட்டியே," என்றேன். உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

விமானம் திரும்பி அந்த இடம் மறையும்வரை அப்பா கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் பல நாள் ஆறவில்லை. பஸ் டிக்கெட்டுக்கே யோசிக்கிற மனிதர் விமானத்துக்கு எப்படிச் சம்மதித்தார் என்று கேட்கவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னாள். கழனியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பிவிட்டார்களாம். கிணற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டுப் போன அப்பாவை, போன போதெல்லாம் வாசலிலேயே விரட்டினார்களாம்.

என் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அது அப்பா மேல் இல்லை. தான் வெட்டிய கிணற்றை எட்டிப் பார்க்க ஒரு மனிதர் விமானம் ஏற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.