செங்கல்வராயன் போட்ட அட்சதை

குடிபாலா ஊர்க்காரன் செங்கல்வராயனும் நானும் சித்தூர் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். தங்கமான மனுஷன். ஆனால் வீட்டுக்கு எந்தப் புதுப்பொருள் வந்தாலும் அட்சதை போடாமல் விடமாட்டான். மிக்சிக்குப் போட்டான், செல்போனுக்கும் போட்டான். நாங்கள் எவ்வளவு கிண்டல் செய்தாலும் காதில் வாங்கமாட்டான்.

அவன் மகள் தரணி திருப்பதியில் அனிமேஷன் படித்தவள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு கம்பெனி இவளையும் கேட்டது. திங்கட்கிழமைக்குள் சின்னதாக ஒரு படம் செய்து அனுப்பு, பிடித்தால் வேலை என்றார்கள். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் அதற்குத் திணறியது. கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றாள். செங்கல்வராயன் லீவு போட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறி வாங்கி வந்தான்.

அவள் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தாள். குளிக்காமல் புதுசைத் தொடலாமா என்று அவளைக் குளிக்க அனுப்பினான். அந்த நேரத்தில் திறந்திருந்த பெட்டிக்குள் அட்சதை தூவிக் கும்பிட்டான். மகள் திட்டுவாளே என்று உடனே பொறுக்கியும் எடுத்துவிட்டான். இதைப் பற்றி அவளிடம் மூச்சுகூட விடவில்லை.

தரணி கார்டை மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. மானிட்டர் ஒயரைக் கார்டில்தான் சொருகியிருக்கிறோமா என்று பார்த்தாள். கரண்ட் ஒயரை மாற்றினாள். கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்தினாள். கார்டு இல்லாவிட்டால் படம் வந்தது, கார்டைப் போட்டால் வரவில்லை. ஆத்திரத்தில் அழுதேவிட்டாள்.

"கடைக்காரன் உன்ன நல்லா ஏமாத்திக்கிறான் நைனா," என்றாள் அப்பாவிடம்.

மறுநாள் செங்கல்வராயன் கார்டைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கு ஓடினான். கடையில் வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார்கள், பளிச்சென்று படம் வந்தது. சிரித்த முகமாகத் திரும்பினான். வீட்டில் மறுபடியும் இருட்டு. கோளாறு பெட்டியில்தான் என்று புரிந்து, வேறு பெட்டிக்கு அலைந்து, கிடைக்காமல் திங்கட்கிழமையும் போய்விட்டது. கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. தரணி சித்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட உட்கார்ந்தாள். கெட்டிக்காரப் பெண், அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக்கூடாதென்றே நான் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை.

அடுத்த வருஷம் அந்தப் பெட்டியைக் கார்டோடு விற்றுவிடலாம் என்று ரிப்பேர் கடை ஹரிபாபுவிடம் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். கார்டு ஒரு பக்கம் சரியாக இறங்கவில்லையே என்றான் அவன். கார்டைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தில் ஊசியை விட்டு நெம்பினான். மஞ்சள் தடவிய அரிசி ஒன்று மேஜையில் விழுந்தது. திரும்பக் கார்டை அழுத்திப் போட்டதும் படம் வந்துவிட்டது.

செங்கல்வராயன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தரணி அரிசியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"எலி எதுனா இஸ்துகினு வந்து போட்டிருக்கும் நைனா," என்றாள்.

செங்கல்வராயனைக் கண்டபடி திட்ட வாயெடுத்த நான், அவள் சொன்னதைக் கேட்டு அடங்கிவிட்டேன்.

போன தை மாசம் தரணிக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டார்கள். பெற்றவன் மட்டும் கையை இறுக மூடிக்கொண்டு நின்றான். போடுய்யா என்று அவன் விலாவில் இடித்தேன்.

"அவளுக்கு நான் ஒரு வாட்டி போட்டதே போதும்டா," என்றான்.