ஓடையில் கழுவிய பாட்டில்

எண்பதுகளில் தருமபுரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். பூச்சி சேகரிக்க, சித்தேரி மலையில் ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் ஓடைக்குத் தனியாகப் போனேன். கல்லைப் புரட்டினால் தும்பிப் புழுக்களும், மணலால் கூடு கட்டிய பூச்சிகளும் கிடைத்தன. பொழுது போனதே தெரியவில்லை. நாலு மணி பஸ்தான் கடைசி. அந்த அவசரத்தில், பூச்சி கெடாமலிருக்கக் கொண்டுபோன ஃபார்மலினில் மிஞ்சியதை ஓடையிலேயே கொட்டிப் பாட்டிலைக் கழுவினேன். அது விஷம் என்று எனக்குத் தெரியும்.

ஓடையோரமாக இறங்கினால், வளைவுக்குக் கீழே ஒரு பெண் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல வெட்கம். கால் இடறியதுபோல் குடத்தைத் தட்டிவிட்டேன்.

“அடி பட்டுருச்சுங்களா?” என்று கேட்டுவிட்டு, அங்கேயே மறுபடி குனிந்தார்.

“மொள்ளாதீங்கக்கா. மேல விஷ மருந்து கொட்டிட்டேன்.”

என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை.

“கீழ புள்ளைங்க ஆடு மேய்க்குதுங்க. நான் ஓடிப்போய்ச் சொல்றனுங்க. நீங்க பஸ்ஸப் புடிங்க, வுட்டா நாளைக்குத்தான்.”

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடியிருக்க வேண்டியவன் நான்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஊர் வரும்வரை என்னால் உட்கார முடியவில்லை.