கிராணியாரின் விளக்கும் இரண்டு பெட்டிகளும்

வெள்ளைக் காற்சட்டை போட்ட யாராவது தெருவில் எதிரே வந்தால், இன்றைக்கும் என் பார்வை முதலில் அவருடைய இடது முழங்காலுக்குக் கீழேதான் போகும். அங்கே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்காது. கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

சப்பான்காரன் காலத்தில் துணி அரிசிக்கு முன்னாலேயே செத்துப்போனது. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஒரு சேலையை இரண்டாகக் கிழித்து முறை போட்டு உடுத்தினோம். ரப்பர் தோட்டத்து ஆண்கள் சாக்கை வெட்டித் தைத்து இடுப்பில் மாட்டினார்கள். அந்தச் சாக்குக் காலத்தில், மரவள்ளி மாவில் கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்த வெள்ளை டிரில் காற்சட்டையோடு ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் ஓடிய வண்டி. பின்னால் கரும்புகை, முன்னால் வெள்ளைக் கால்கள். நான் பிறந்த தோட்டத்தின் கிராணியார் அவர். ஆபீஸில் உட்கார்ந்து ஆள்கணக்குப் பார்த்தவர். தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர் பக்கம் ஓடிய அன்றே துரையின் வண்டி அவருக்கு வந்தது. துரையின் குரலும் கூடவே வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் புந்தோங்கில் பேட்டரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருந்தார். தோட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. பெண் எடுத்த இடம், அவ்வளவுதான். என் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து காஜா ஊருக்குப் போகும் சாலை வழியாகச் சைக்கிள் மிதித்துப் போனார். அன்றைக்கு அங்கே சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி நிற்கிறது, சிப்பாய் நிற்கிறான், கேட்ட எண்ணிக்கை நிரம்பவில்லை. கிராணியார் கூலிவீடுகள் வரிசையாக நின்ற லயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆள் கொறையுது லா" என்றாராம். பிறகு, என் அப்பா வீட்டுப் படியில் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை விரலை நீட்டிக் காட்டினாராம்.

என் தம்பி அதைக் கண்ணால் பார்த்தான். கோப்பையை அவன்தான் எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான்.

அதற்குப் பிறகு கடையை நான் நடத்தினேன். மழைத் தண்ணீரைக் கண்ணாடிச் சாடியில் பிடித்து பேட்டரிகளுக்கு ஊற்றினேன். ஆசிட் பட்டு விரல்கள் வெடித்தன. அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. வேறு எதையாவது எரிக்கவும் இது உதவும் என்று, என்ன ஏது என்று தெரியாமலே, உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த நாள் வந்தது. கிராணியார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காற்சட்டை மடிப்பு கலையவில்லை.

"என்னம்மா, கடையத் தொறந்துதான் வச்சிருக்கியா? நல்லது லா. வெளக்கு எரிய மாட்டேங்குது, பாரு."

பார்த்தேன். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் பெட்டிக்குள் மழை இறங்கி, உள்ளிருந்த கம்பிச்சுருள் கரிந்திருந்தது. டைனமோ எவ்வளவு தள்ளினாலும் பேட்டரிக்கு வேண்டியதை மட்டும் விட்டு, மிச்சத்தைத் தடுப்பது அந்தப் பெட்டியின் வேலை. அது செத்தால் வேறுதான் போட வேண்டும்.

"வேற போடணும் ஐயா. இப்ப எங்க கெடைக்கும்?"

"ஒன் புருசன் சேத்து வச்சிருப்பானே" என்றார். வாய் கூசவில்லை அவருக்கு. "பாரும்மா, அடுத்த சயாம் ரயிலுக்கு ஆள் கேக்குறாங்க. ஒன் தம்பி நல்லா தெடமா இருக்கான். வெளக்கு எரிஞ்சா நானும் கொஞ்சம் பாத்து செய்வேன்."

உள்ளே போனேன். அலமாரியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. வெள்ளைக்காரப் பட்டாளம் பின்வாங்கியபோது சாலையோரம் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்களிலிருந்து என் வீட்டுக்காரர் கழற்றியவை. இரண்டும் ஆறு வோல்ட்டு, இரண்டும் இந்த வண்டிக்குப் பொருந்தும். ஒன்று மூடி துருவேறி, பார்க்கச் சகிக்காது, ஆனால் பத்தினி. மற்றது பளபளவென்று இருக்கும். உள்ளே எவனோ ஸ்பிரிங்கை மிதமிஞ்சி இறுக்கி வைத்திருந்தான். "இது நிறுத்தாம தள்ளிக்கிட்டே இருக்கும். பேட்டரி கொதிச்சு ஆசிட்ட கக்கிரும். யாருக்கும் போட்டுடாத" என்று சொல்லித்தான் அதைத் தனியாக வைத்திருந்தார்.

யாருக்கும் என்றால் யாருக்கும். ஆனால் அதைச் சொன்னபோது அவர் இன்னும் அந்தப் படியில் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கவில்லை.

யோசித்தேன். துருப்பெட்டியைக் கொடுத்தால் வண்டி ஒழுங்காக ஓடும். ஒழுங்காக ஓடும் வண்டிக்கு ஆள் வேண்டாம். என்னையும் மறந்துபோவார், தம்பியை ஏற்றி அனுப்பியும் விடுவார். பளபளப்பைக் கொடுத்தால் பேட்டரி வற்றிக்கொண்டே இருக்கும். வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்ற ஒருவன் வேண்டும். கொதிக்கிற ஆசிட் தெறிக்கும். பேட்டரி எங்கே இருக்கிறது? இருக்கைக்குக் கீழே, இடது காலோடு உரசிக்கொண்டு.

வெளியே எட்டிப் பார்த்தேன். இடது கால் வெள்ளை வெளேரென்று இருந்தது.

இரண்டையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "நீங்களே பாத்து எடுங்க ஐயா."

முதலில் துருப்பெட்டியை மாட்டி இஞ்சினை முறுக்கினேன். விளக்கு மஞ்சளாய், அமைதியாய் எரிந்தது. விளக்குத் தலையில் இருந்த ஆம்ப் மீட்டரின் முள் கொஞ்சம் ஏறி, போதும் என்று நின்றது.

"என்னா லா இது, கோயில் வெளக்கு மாதிரி?"

அடுத்து பளபளப்பு. முள் கடைசிவரை ஓடியது. விளக்கு வெள்ளையாய்ச் சீறியது. எதிர்க் கடைச் சீனக் கிழவன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஏதோ வைதான். கிராணியாரின் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். துரை ஓட்டிய காலத்து விளக்கைவிட அது பெரிய வெளிச்சம்.

"இது இது! இதத்தான் போடு."

"இதுக்குக் கவனிப்பு ஜாஸ்தி ஐயா. வாராவாரம் மழத்தண்ணி ஊத்தணும். பக்குவம் தெரியாதவன் ஊத்துனா பேட்டரி போயிரும்."

"யாருக்குத் தெரியும்?"

"எங்க தம்பிக்குத் தெரியும். அவன் சயாமுக்குப் போயிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். முட்டாள் இல்லை அவர். நான் தம்பிக்காகப் பேரம் பேசுகிறேன் என்று புரிந்து சிரித்தார். புரிந்தது அதுமட்டும்தான். அது எனக்குப் போதும்.

அந்த ரயில் போனது. அதில் என் தம்பி இல்லை.

ஆசிட் பட்ட துணி உடனே கிழியாது. நல்ல துணி மாதிரி காட்டிக்கொண்டு காத்திருக்கும். துவைக்கிற அன்றைக்குத்தான் விட்டுக்கொடுக்கும். தண்ணீர் வாங்க வரும்போதெல்லாம் தம்பி கதை கொண்டுவந்தான். நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். பசியிலும் அது எனக்குக் கறிச்சோறு.

"அக்கா, மொத வெள்ளச் சிலுவார் போச்சு, கால்ல பூரா ஓட்ட. கொடியில காயுது, அந்தப் பக்கம் மரம் தெரியுது."

"யாரத் திட்டுனாரு?"

"சவுக்காரத்த. சாம்பலும் பாமாயிலும் போட்டு செஞ்ச சவுக்காரம், அது துணியத் தின்னுதாம். இனிமே வெறுந்தண்ணியில அலசச் சொல்லிட்டாரு."

வெறுந்தண்ணீரில் அலசிய இரண்டாவதும் சல்லடையானது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காற்சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு கடைக்கே வந்தார். மேசைமேல் விரித்தார். ஓட்டைகள் இடது காலில் மட்டும், முழங்காலிலிருந்து கீழே, மழை பெய்த மணல் மாதிரி. தம்பி அவர் கையில் இருந்தான்.

"இது ஆசிட்தானே?"

"ஆமா ஐயா" என்றேன். பொய் சொல்லியிருந்தால் மாட்டியிருப்பேன். "வெளக்கு அந்த வெளிச்சம் குடுக்கணும்னா பேட்டரி கொஞ்சம் கொதிக்கும். நீங்க எடுத்த பெட்டிதானே? மங்கலா இருந்தாப் போதும்னா சொல்லுங்க, இப்பவே பழச மாத்திருறேன்."

சப்பான் அதிகாரி ஒருவன் மாலையில் கோலா கங்சார் போகும்போது, இவருடைய வெளிச்சத்தை மெச்சி, காருக்கு முன்னால் இவரைத்தான் ஓட்டிக்கொண்டு போகச் சொல்கிறான் என்று தம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தான். அந்த இடத்தை விட்டு மங்கலுக்கு இறங்குவாரா? காற்சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்று போனார்.

அடுத்த முறை தம்பி சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, இடது கால்ல ரப்பர் ஷீட்ட சுத்தி, கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு வாராரு! சரியா காயாத ஷீட்டு. வெயில்ல நாறுது. அதிகாரி மூக்கப் புடிக்கிறான்!"

வாழ்நாளெல்லாம் பிறர் சுமந்து வந்த ரப்பரைக் குறை சொல்லி எடைபோட்டவர், அதையே காலில் கட்டிக்கொண்டு அலைந்தார். நான் சிரித்தேன். வீட்டுக்காரர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோப்பையை எடுத்துக் கழுவி, மறுபடியும் அலமாரியில் கவிழ்த்து வைத்தேன்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆட்கள் என்று சொல்கிறேன். எலும்பும் புண்ணுமாக வந்தார்கள். ஈப்போ ஸ்டேசனுக்கு நான் போகாத நாள் இல்லை. ஒருவர் மட்டும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் செத்தது ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து முகாமில், பேதியில். புதைத்த இடம் அவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பகலில் கிராணியார் வந்தார். சாக்குத் துணியில் தைத்த காற்சட்டை. வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். பேட்டரி வெடித்து, அடிச்சட்டம் முழுக்க ஆசிட் தின்று பெயிண்ட் உரிந்திருந்தது.

"துரை திரும்பி வாராராம்" என்றார். குரல் இப்போது அவருடைய சொந்தக் குரலாக இருந்தது. "வண்டிய ஒழுங்கா ஒப்படைக்கணும். இல்லாட்டி வேல போயிரும்மா. அந்தப் பழைய பெட்டி இருக்குமா? மங்கலா எரிஞ்சுதே, அது."

உள்ளே போய் எடுத்துவந்தேன். துருவையெல்லாம் சுரண்டி, மூடியைத் தேய்த்து வைத்திருந்தேன். அவர் கையை நீட்டினார். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று மேசைமேல் வைத்தேன். பிறகு என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"குடுக்க முடியாது ஐயா."

"தங்கச்சி, அன்னைக்கு நான் என்னா செய்யிறது, சொல்லு? சிப்பாய் நிக்கிறான். கணக்குல ஒரு ஆள் கொறைஞ்சுது லா."

"எனக்கும் ஒரு ஆள் கொறையுது" என்றேன்.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். புந்தோங் தெரு நெடுக அந்தச் சக்கரம் கிறீச்சிட்டதை நான் வாசலில் நின்று கடைசிவரை கேட்டேன். வேலை போனது. அப்புறம் எங்கே போனாரோ, நான் விசாரிக்கவில்லை. மன்னித்துவிட்டாயா என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டு காற்சட்டையும் ஒரு வேலையும் ஒரு மனிதனுக்கு ஈடாகுமா என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது, கோப்பைக்குப் பக்கத்தில். அந்த மாதிரி வண்டி இப்போது சாலையில் ஓடுவதில்லை. அது யாருக்கும் பயன்படாது. இருந்தாலும் மழைக்காலம் வந்தால் மூடியைக் கழற்றி, உள்ளே ஈரம் இல்லாமல் துடைத்து, தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்து வைக்கிறேன். மறுபடியும் அவர் வந்து கேட்டால், நல்ல நிலையில் இருப்பதைக் காட்டித்தான் நான் கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டும்.