நகத்துக்கு ஒரு கயிற்றுப் பிரஷ்

எனக்கு மீன் என்றாலே அரியண்டம், அப்படியொரு அருவருப்பு. சல்லி என்கிற கடற்கரை ஊரில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, பதினெட்டு வருடம் மீன் காயப்போடுகிற கருவாட்டு வாடியில் வேலை செய்தவள் இப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தின்கிறவர்களுக்குச் சோற்றுக் கோப்பையில் வருகிற மீனை மட்டும்தான் தெரியும். எனக்கு அதன் குடலைத் தெரியும். மாரி காலத்தில் இரண்டு நாள் வெயில் மறைந்தால், காயப்போட்ட சூடை மீனுக்குள் புழு நெளியும். அதை உதறிவிட்டுத் திரும்பவும் உப்பில் புரட்ட வேண்டும். உப்புத் தொட்டியின் அடியில் தேங்கும் மண்ணிறத் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றினால் முழங்கைவரை வழியும். அந்தக் கையால்தான் மத்தியானம் சோறு தின்றேன். சீ!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அரியண்டமெல்லாம் கண்ணுக்கும் கைக்கும்தான். வாடிக்குப் போய் ஒரு வருடத்திலேயே என் மூக்குக்கு மீன் வெடுக்குத் தெரியாமல் போய்விட்டது. மல்லிகைப்பூ தெரியும், சாம்பிராணி தெரியும், அடுப்பில் அடிப்பிடிக்கிற கறி தெரியும். மீன் மட்டும் தெரியாது. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அதை யாரும் ஒரு குறையாக நினைப்பதில்லை.

போன வருடம் திருகோணமலை டவுனில் ஒரு சேலைக் கடைக்குப் பொம்பிளை ஆள் வேணும் என்று கேள்விப்பட்டு, நேரே போய் நின்றேன். முதலாளி ஒரு அம்மா. கட்டை உருவம், கழுத்தில் பட்டையான சங்கிலி, கையில் எப்போதும் முகம் துடைக்க ஒரு லேஞ்சி. ஒரு மாதம் பார்ப்போம், சரிவந்தால் நில்லும், இல்லாவிட்டால் இல்லை என்றார். எனக்கு அது போதும். கடையில் நின்றால் மின்விசிறிக்குக் கீழே பட்டுச் சேலை மடிக்கலாம். கடை போனால் திரும்பவும் அந்த உப்புத் தொட்டிதான்.

கடைக்குச் சேலைதான் கட்டிப் போக வேண்டும். எனக்குச் சேலை கட்டத் தெரியும், ஆனால் முன்னால் மடிப்பு மடிப்பாக வரும் கொய்யகம் ஒருநாளும் ஒழுங்காக விழாது. என் மனுசன்தான் காலையில் என் காலடியில் குந்தியிருந்து, மடிப்பு மடிப்பாக எடுத்து, ஒரே அளவில் பிடித்து விடுவார். அவர் துறைமுகத்தில் கப்பலை இழுத்து வரும் டக் படகில் கயிறு பிடிக்கிறவர். தடித்த வடத்தையும் படம் மாதிரிச் சுருட்டி வைக்கிற கைக்கு என் சேலை ஒரு வேலையா? அவர் பிடித்த கொய்யகம் பின்னேரம்வரை குலையாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை ஒரு மனுசி கல்யாணத்துக்குக் கூறைச் சேலை பார்க்க வந்தாள். நான் விரித்துக் காட்டினேன். அவள் தலைப்பை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், முகத்தைச் சுளித்து, என் கையைப் பார்த்தாள். சேலையை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் முதலாளி அம்மா என்னைக் கூப்பிட்டார். லேஞ்சி மூக்கில் இருந்தது.

“கோவிக்காதையும் பிள்ளை. உம்மட கையிலை வெடுக்கு இருக்கு. சேலையிலை ஏறுது.”

“வடிவாய்த் தேய்ச்சுக் கழுவிப்போட்டுத்தானம்மா வந்தனான்.”

“மாசம் முடியட்டும், பாப்பம்.”

அன்று மத்தியானம் அதே அம்மா சாப்பாட்டுக் கரியரைத் திறந்து, சுறா வறையைச் சோற்றோடு பிசைந்து விரலைச் சூப்பினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தின்கிற வாய்க்கு மணக்காத மீன், அறுத்துக் கொடுத்த கையில் மட்டும் மணக்குமாம். இந்த டவுன் சனத்தின் மூக்கைப் பிடித்து அந்த உப்புத் தொட்டிக்குள் அமுக்க வேண்டும் போல எனக்கு வந்தது.

ஆனாலும் வேலை வேண்டுமே. வீட்டுக்கு வந்து தேசிக்காய், சவுக்காரம், சாம்பல், கோப்பித்தூள் என்று ஒன்றும் விடாமல் தேய்த்தேன். பதினெட்டு வருடத்து உப்பில் நக இடுக்கெல்லாம் வெடித்துப் பிளந்திருந்தது. அதற்குள் எது போகும்? கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பிரஷின் நார் இரண்டு நாளில் படுத்துவிட்டது. என் மனுசன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது கிச்சுக்கிச்சு மூட்டத்தான் சரி. பொறும், நான் ஒண்டு செய்து தாறன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் குசினி வாசலை விட்டு எழும்பவில்லை. ஒரு முழம் தேங்காய்த் தும்புக் கயிற்றை எடுத்தார். நடுவில் மடித்து, கொளுவி வைக்க ஒரு காது விட்டார். அதற்குக் கீழே இரண்டு பக்கத்தையும் சேர்த்து மெல்லிய நூல்கயிற்றால் நெருக்கமாகச் சுற்றி இறுக்கினார். அதுதான் பிடி. அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா மனுசன்? பிடிக்கு மேலே மூன்று புரியை ஒன்றுக்குள் ஒன்று விட்டு, வளையல் மாதிரி ஒரு பின்னல் முடிச்சுப் போட்டார். கீழே இன்னொன்று. நடுவில் சின்னதாக ஒன்று. ஒரு புரி பிசகினாலும் முழுவதையும் அவிழ்த்துத் திரும்பத் தொடங்குவார். எனக்கோ பொறுமை போய்விட்டது.

“இஞ்சாருங்கோ, கை கழுவுற சாமானுக்கு என்னத்துக்கு இந்தச் சோடினை?”

“முடிச்சு இல்லாட்டி ஈரக்கை வழுக்கும்.”

“அதுக்கு ஒண்டு காணாதோ? இதென்ன, கோயில் தேருக்கோ கட்டப் போறியள்?”

“நீர் பிடிக்கிற சாமான். வடிவாய் இருக்கட்டுமே.”

தும்பு காய்ந்திருந்தால் முடிச்சு நெருங்கி உட்காராது. அலுமாரிக்குக் கீழே கிடந்த ஒரு பழைய போத்தலை எடுத்து, மூன்று விரலில் எண்ணெய் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு புரியையும் உருவினார். அவர்கள் வீட்டில் தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். கயிற்றைத் தொட முன்னம் விரல் போத்தலைத் தொட்டுவிடும், யோசனையே இல்லாமல். நான் பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டு, அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் கயிற்றின் இரண்டு நுனியையும் பிரித்து, முள்ளுக் கரண்டியால் வாரி, கத்தியால் ஒரே மட்டமாக வெட்டினார். உள்ளங்கை நீளத்தில் ஒரு பிரஷ். உள்ளதைச் சொன்னால் என்ன, அது நல்ல வடிவு. என் கைக்கு அளவெடுத்தது போல இருந்தது.

காலையில் ஒருதரம், கடையில் மத்தியானம் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். நகம் சிவந்து இரத்தம் கசியும்வரை அந்தப் பிரஷால் உரஞ்சினேன். வெடுக்குப் போகவில்லை. கூடினது! முதலாளி அம்மா என்னைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து, மேல் மாடியில் பள்ளிக்கூடத்து வெள்ளைத் துணிக்கு விட்டார். இரண்டு நாளில் அங்கிருந்தும் இறக்கி, பின்பக்கத்தில் காட்போட் பெட்டி மடிக்க விட்டார். கூட நின்ற பெட்டைகள் என்னைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார்கள். திருகோணமலை டவுனுக்குள் ஆடு மாடு மாதிரி மான் திரியும்; பஸ் ஸ்டாண்டில் எல்லார் பையையும் மோந்து பேப்பர் தேடித் தின்கிற அந்த மான்கூட என் பைக்குக் கிட்ட வந்துவிட்டுத் திரும்பிப் போனது. எனக்கு என் உடம்பே அரியண்டமாகிவிட்டது. தோலைக் கழற்றிக் கொடியில் போட முடிந்தால் போட்டிருப்பேன்.

கடையில் என்னோடு வாய் திறந்து கதைத்தது ஒரே ஒருத்திதான். கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் கடந்து பஸ்ஸில் வருகிற முஸ்லிம் பிள்ளை, தையல் பகுதியில் நின்றவள். ஒருநாள் மத்தியானம் பின்பக்கத்துக் குழாயடியில் நான் உரஞ்சிக்கொண்டு நிற்க, கிட்ட வந்தாள். பிரஷைக் கேட்டு வாங்கினாள். மூக்கில் வைத்தவள் ஓங்காளிக்கப் பார்த்தாள்.

“அக்கா, கோவிச்சிக்கிடாதீங்க. நாறுறது ஒங்கட கை இல்ல. இந்தச் சாமான்தான்.”

“இதோ? இது புதுசு பிள்ளை. போன கிழமைதான் செய்தது.”

“எங்கட மாமாட தோணிக்கு அடிக்கிற சுறா எண்ணெய் மாதிரி இரிக்கி.”

நான் வாங்கி மோந்து பார்த்தேன். தும்பு, சவுக்காரம், தேசிக்காய். வேறு ஒன்றும் இல்லை. சத்தியமாக ஒன்றும் இல்லை. அப்போதுதான் அலுமாரிக்குக் கீழே இருந்த அந்தப் போத்தல் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மரத் தோணி அரிக்காமல் இருக்க எங்கள் ஊரில் பூசுகிற சுறா எண்ணெய். சுறாவின் ஈரலை நாள்கணக்கில் அழுக விட்டு வடிக்கிற சனியன். வடிக்கிற இடத்துக்கு ஈ இலையான்கூட யோசித்துத்தான் போகும். அதில் தோய்த்த பிரஷால் நான் நாளுக்கு மூன்றுதரம் நக இடுக்குக்குள் வெடுக்கைத் தீட்டியிருக்கிறேன். வேறு எந்த ஊர் மனுசியாவது இப்படிச் செய்வாளா?

வீட்டுக்குப் போனதும் பிரஷை அவர் காலடியில் எறிந்தேன்.

“என்னத்தைப் பூசிச் செய்தனீங்கள் இதை?”

அவர் எடுத்து மோந்து பார்த்தார். உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். “மணக்கேல்லையே.”

“எனக்கும்தான் மணக்கேல்லை! அதுதானே வந்த வினை! ஊர் முழுக்க மணக்குது, எங்கள் ரெண்டு பேருக்கும்தான் மணக்கேல்லை!” அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கிற வாயா? “உங்கட எண்ணெயும் உங்கட கையும்! நீங்கள் தொட்டதெல்லாம் நாறும்!” என்றேன்.

அவர் எழும்பினார். பிரஷைக் கொண்டுபோய்ப் பின்வளவு வேலியில் கொளுவினார். சாப்பிடக் கூப்பிட்டேன், பிறகு சாப்பிடுகிறேன் என்றார்.

அடுத்த நாளிலிருந்து பச்சைத் தேங்காய்ப் பொச்சு மட்டையைக் கிழித்து, சவுக்காரம் போட்டுக் கை உரஞ்சினேன். மூன்று நாள் போக, கிண்ணியாப் பிள்ளை என் கையை மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கையை விரித்து முதலாளி அம்மாவிடம் நீட்டினேன். “ஓம், இப்ப பறவாயில்லை” என்று கீழ்த்தட்டுக்கு வரச் சொன்னார். ஆனால் என் மனுசன் காலையில் நான் சேலையை எடுக்கும் நேரம் பார்த்து, டக் படகுக்கு வேளைக்குப் போகவேணும் என்று சைக்கிளை எடுத்துவிடுவார். முதல் நாள் நம்பினேன். மூன்றாம் நாளும் அதே கதை என்றபோது விளங்கிவிட்டது. நானே கொய்யகம் பிடித்தேன். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இழுபட்டு, சாக்குக் கட்டினது போல இருந்தது. முதலாளி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சேலைக் கடையிலை நிக்கிற ஆள் இப்பிடியோ சேலை கட்டுறது? சனம் உம்மைப் பாத்தெல்லோ வாங்கும். சனிக்கிழமையோடை மாசம் முடியுது, தெரியும்தானே?”

சனிக்கிழமை காலையில் நான் எழும்பியபோது அவர் கிணற்றடியில் நின்றார். பொச்சு மட்டையும் சவுக்காரமும் கையில். எவ்வளவு நேரம் உரஞ்சினாரோ தெரியாது, கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போன அந்தக் கை இரண்டும் சிவந்து தோல் வழன்று கிடந்தன. நான் சேலையைச் சுற்றிக்கொண்டு நிற்க, அறை வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“மணந்து பாரும். இருக்கோ?”

கல்யாணம் கட்டின மனுசன், தன் கையை நான் மோந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் என்னைத் தொடலாம் என்று வாசலில் நிற்கிறார். என் நாக்கை நினைக்க எனக்கே அரியண்டமாக வந்தது. புழு நெளிந்த சூடையைப் பார்த்துக்கூட நான் அப்படி அருவருத்ததில்லை. குனிந்து மோந்தேன். சவுக்காரம் மணந்தது. அதற்குக் கீழே என்ன இருந்தது என்று செத்துப்போன என் மூக்குக்கு எப்படித் தெரியும்?

“இல்லை” என்றேன்.

அவர் வந்து குந்தினார். ஒவ்வொரு மடிப்பாக எடுத்து, ஒரே அளவில் பிடித்து விட்டார்.

கடைக்குப் போனதும் நேரே பின்பக்கம் போய்க் கிண்ணியாப் பிள்ளையைக் கூப்பிட்டு, கொய்யகத்தை மோந்து பார்க்கச் சொன்னேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கொஞ்சம் இரிக்கி அக்கா. அம்மா வரமுந்தி அழிச்சிக் கட்டுவமா?”

“வேண்டாம்” என்றேன். “கிடக்கட்டும்.”

முன்பக்கத்துக்குப் போய் பட்டுச் சேலை அடுக்குக்கு முன்னால் நின்றேன். முதலாளி அம்மா வந்தார். என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து, கிட்ட நின்று, குனிந்து, என் கொய்யகத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“இஞ்சை வந்து பாருங்கோ பிள்ளையள். கொய்யகம் எண்டால் இப்பிடி இருக்கோணும். ஆர் உமக்குப் பிடிச்சு விட்டது?”

“என்ரை மனுசன்” என்றேன். “கயிறு வேலை செய்யிறவர்.”

அவர் பிறகு அந்த விரலை மூக்கில் வைத்தாரோ, லேஞ்சியில் துடைத்தாரோ, நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வேளைக்கு வரச் சொன்னார்.