எஸ்தர் பார்த்த ஒரே நட்சத்திரம்

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது எஸ்தரின் தம்பி போனில் கூப்பிட்டார். "வேணி மேடம், அக்கா போயிட்டாங்க" என்றார். என் எதிரே ஒரு மாணவி தான் எடுத்த அளவுகளைக் காட்டக் காத்து நின்றாள். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். தேர்வு முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் எஸ்தரிடம் இயற்பியல் படித்தவர்கள், அல்லது எங்கள் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள். ஆனால் அவர் வானியலாளர். பெங்களூரில் ஆராய்ச்சி முடித்தார். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் திருநகர் வீட்டுக்குத் திரும்பினார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நானும் அவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம்.

அவர் பின்தொடர்ந்தது ஒரே ஒரு நட்சத்திரத்தை. சரியாகச் சொன்னால் அது இரண்டு, ஒன்றையொன்று சுற்றுபவை. ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது ஒளி மங்கும். அந்த மங்கல் வர வரத் தாமதமாகிறது என்று எஸ்தருக்குச் சந்தேகம். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் வருடக்கணக்கில் அளக்க வேண்டும். சமயநல்லூருக்கு அப்பால் எங்கள் வயலில் இருக்கும் மோட்டார் ரூம் மாடியை அதற்குக் கொடுத்தோம். கல்லூரி விட்டதும் ஸ்கூட்டரில் போவார். என் அண்ணன் ஒருமுறை கேட்டார், "இம்புட்டு வருசமாப் பாக்குறீகளே டீச்சர், என்னதான் கண்டீக?"

"இன்னும் ஒண்ணும் இல்லண்ணே. இருந்தா உங்ககிட்டதான் மொதல்ல சொல்வேன்."

பிறகு ஊர் முக்கில் உயரமான விளக்குக் கம்பம் வந்தது. வெளிச்சம் வானத்தையே வெளுக்கச் செய்தது. விளக்குக்கு மேல் மூடி போட்டால் வெளிச்சம் ரோட்டில் மட்டும் விழும் என்று எஸ்தர் ஊராட்சியில் மனு கொடுத்தார். கூட்டத்தில் எழுந்து எதிர்த்தது என் மதினி பாண்டியம்மாள்.

"மில்லுக்குப் போற பொம்பளப் பிள்ளைக பஸ்ஸ விட்டு எறங்கி இந்த வழியாத்தான் வாரதுக. இருட்டுக்குள்ள எம்புட்டு பயந்து வந்துச்சுகன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"வெளக்க அணைக்கச் சொல்லலம்மா. மூடி மட்டும்தான்."

"மூடி போடுறேன்னு கழட்டுவாக. திரும்ப மாட்ட எம்புட்டு மாசம் ஆகும்? நீங்க சொல்லுங்க."

எஸ்தர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவரோடு வண்டியில் வரும்போது நான் மதினியைக் குறை சொன்னேன். "அவங்க சொன்னது சரிதான் வேணி" என்றார் எஸ்தர். "நான் சொன்னதும் சரிதான். அதுதான் கஷ்டம்."

அதற்குப் பின்னும் மாடிக்குப் போனார். அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. அந்த நிலையில்தான் வெளிநாட்டுக் குழு ஒன்று விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு அதே நட்சத்திரத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. தாமதம் உண்மைதான். எஸ்தர் ஸ்டாஃப் ரூமில் அதை முழுதும் வாசித்து, "நல்லாப் போட்டிருக்காங்க" என்றார். தன்னிடம் இருந்த பழைய அளவுகளையெல்லாம் அவர்களுக்கு அனுப்பினார். மரியாதையாகத்தான் பதில் வந்தது. இந்தத் துல்லியம் தங்களுக்குப் போதாது என்றார்கள். எஸ்தர் அதற்கும் நன்றி சொல்லி எழுதினார்.

பிறகு மக்களுக்கு வானத்தைக் காட்டுவதிலேயே முழுதாக இறங்கினார். சூரிய கிரகணத்தன்று வில்லாபுரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில், கிரகணம் பார்க்கும் கண்ணாடிகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நின்றோம். பெற்றவர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டுப் போனார். பாதியிலேயே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு திருநகர் வந்தால் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தம்பி மகள் கர்ப்பமாக இருந்தாள். "முடியட்டும் அத்தை, அப்புறம் தொறக்குறேன்" என்று உள்ளிருந்தே சொன்னாள். வாசல்படியில் உட்கார்ந்தோம். "இந்த வீட்டுக்குள்ளயே என் பேச்சு போகல. நான் வில்லாபுரத்துக்குப் போயிட்டேன்" என்றார் எஸ்தர். கோபமாகச் சொல்லவில்லை.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். ஜெபமும் நட்சத்திரமும் எப்படி ஒத்துப்போகின்றன என்று கேட்டிருக்கிறேன். "ரெண்டுமே எனக்கு இன்னும் பதில் சொல்லல. அந்த வகையில ஒத்துப்போகுது" என்பார்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். கேட்டுவிட்டேன். "எல்லாம் வீண்தானா எஸ்தர்?"

யோசித்தார். உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்ப்பவர்போல யோசித்தார். "பெரும்பாலும்" என்றார். பிறகு தலையணையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார்.

அடக்கத்துக்கு மறுவாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். எஸ்தரால் எத்தனையோ மாணவிகள் வானியலுக்குப் போனார்கள் என்று நான் பேச வேண்டும் என்பது முதல்வரின் விருப்பம். பழைய மாணவிகள் பலரிடம் விசாரித்தேன். வங்கியில் இருக்கிறார்கள், பள்ளிகளில் இருக்கிறார்கள், வீட்டில் இருக்கிறார்கள். வானியலுக்குப் போனவர் என்று ஒருவர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. முதல்வர் மெதுவாகச் சொன்னார், "நல்லதா ரெண்டு வார்த்தை, மேடம். யார் போய் எண்ணப் போறாங்க?"

மேடையேறி, ஒருவரும் போகவில்லை என்றேன். அவர் நினைத்தது எதுவும் நடக்கவில்லை, கடைசிவரை அது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்றேன். எஸ்தரின் தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். யாருடைய ஆறுதலுக்காகவும், என்னுடைய ஆறுதலுக்காகக்கூட, ஓர் அளவைக் கூட்டிச் சொல்ல இனி எனக்கு வாய் வராது.