மைனருக்குப் பவர் பார்த்த நாள்

வில்லாபுரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நடந்தவை:

1. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்தார். சந்தனக் கலர் சட்டை, மேல் பட்டன் இரண்டும் திறந்து, வெளியே தெரிய ஒரு சங்கிலி.
2. பின்னால் வந்த மனைவி, "மைனருக்குக் கண்ணு தெரியலம்மா. ஸ்டாப்புல மாடு நின்னா ஆளுன்னு பஸ்ஸ நிப்பாட்டுறாரு" என்றார்.
3. அவர் மினிபஸ் டிரைவர் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.
4. சார்ட்டில் மூன்றாவது வரியோடு நின்றுவிட்டார். கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது அதைவிட மோசம்.
5. கண்ணாடி போட வேண்டும் என்றேன். வேண்டாம் என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் 'மைனர்' என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். சொத்துள்ள வீட்டில் பிறந்து, பட்டு ஜிப்பாவும் செண்ட் வாசனையுமாக, ஊர் தன்னைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் மைனர். சொத்தும் ஜிப்பாவும் போய்ச் சொல் மட்டும் மிஞ்சியது. மனைவி சொன்னால் வசவு, கூட வேலை செய்பவர் சொன்னால் கிண்டல், அவரே சொன்னால் பட்டம்.

"ரூட்டுல நம்மள மைனர்னுதான் கூப்பிடுவாய்ங்க. சோடாப்புட்டி மாட்டுனா எவன் மதிப்பான்? கூலிங் கிளாஸ்ல பவர் வச்சுக் குடுங்க."

"ராத்திரி ட்ரிப் இருக்காண்ணே?"

"இருக்கு."

"அப்ப அது ஆகாது."

"எம்புள்ள அந்தப் பஸ்லதான் பள்ளிக்கூடம் போறான். அவனுக்காகவாவது போடச் சொல்லும்மா" என்றார் மனைவி.

விபத்து, லைசென்ஸ், தலைவலி என்று நான் வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காலரைச் சரிசெய்தார்.

சோதனைக்கான ட்ரையல் ஃப்ரேமில் லென்ஸ் போட்டு அவருக்கு மாட்டி, வாசல் வரை நடந்து பார்க்கச் சொன்னேன். திரும்பி வருகையில் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி. அங்கேயே நின்றுவிட்டார். மீசைக்கு அடித்த டை ஒரு பக்கம் உதடுவரை இறங்கியிருந்தது. மறுபக்கம் பாதி நரை.

"இது எம்புட்டு நாளா இப்படி இருக்கு?"

"தீவாளிக்கு முந்தியே" என்றார் மனைவி.

"சொல்ல மாட்டியா?"

"மைனர்கிட்ட யாரு சொல்றது?"

அன்றே ஆர்டர் கொடுத்தார்.

சில மாதம் கழித்து அவருடைய கண்டக்டர் கண் காட்ட வந்தார். "பஸ் ஓட்டும்போது போடுறாராண்ணே?" என்று கேட்டேன்.

"கழட்டுறதே இல்லம்மா. டிரைவர் சீட்டுக்கு மேல முகம் பாக்க ஒண்ணு மாட்டியிருக்குல்ல, ஸ்டாப்புக்கு ஸ்டாப் மீசையப் பாத்துக்கிறாரு."

பவர் உள்ளவருக்கு ஆபத்தை விளக்குவதற்கு முன், ட்ரையல் ஃப்ரேமோடு அவர் முகத்தை அவருக்குக் காட்டிவிட வேண்டும். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இப்போதைய நிலவரம்: அவர் மீசைக்காகக் கண்ணாடி போட்டிருக்கிறார். சாலையும் தெரிகிறது.